பைரேட்ஸ் ரசிகனுக்குச் சம்பளக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்

2025 சீசனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பால் ஸ்கீன்ஸ் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்தது 1.97 ரன். அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பிட்சரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக அவருக்குக் கொடுத்தார்கள். ஆனால் அவர் பெயருக்கு நேரே இருக்கும் வெற்றி தோல்விக் கணக்கைப் பாருங்கள்: 10–10. மே மாதம் பிலடெல்பியாவில் எதிரணியின் 8 இன்னிங்ஸையும் அவர் ஒருவரே வீசி முடித்தார். கொடுத்தது ஒரே ரன். அந்த ஆட்டத்தையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1–0 என்று தோற்றது. இப்படியொரு பிட்சர் கையில் இருந்தும் அவருக்காக ரன் எடுத்துக் கொடுக்க ஆட்களை வாங்காத அணி இது. அந்த சீசன் முழுக்க மைதானத்தில் "அணியை விற்றுவிடு" என்ற கோஷம் அடங்கவே இல்லை. சொந்த ஊரின் முதல் ஆட்டத்தன்று அதே வாசகத்தைப் பதாகையாக இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே சுற்றியது.

நான் பிட்ஸ்பர்குக்கு வேலைக்காக வந்தவன். வரும்போது கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அலுவலகத்தில் ஒரு பெரியவர் டிக்கெட் கொடுத்துக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பந்தாக விளக்கிப் பழக்கினார். 1979-ல் பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடர் என்ற இறுதிக் கோப்பையை வென்றதைப் பார்த்தவர் அவர். 1992-க்குப் பிறகு அணியின் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ் 4.375 கோடி டாலருக்கு சான் பிரான்சிஸ்கோ போனதையும் பார்த்தவர். "இந்த ஊரில் ஒரு ஆட்டக்காரர் மேல் ரொம்ப ஆசை வைக்காதே" என்று அப்போதே சொன்னார். ஆசை வைக்காமல் விளையாட்டு பார்க்க முடியுமா என்ன.

எனக்கு ஆசை வந்தது 2013 அக்டோபர் 1 அன்று. 1993-லிருந்து 2012 வரை 20 சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம் பெற்ற அணி பைரேட்ஸ். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் வேறெந்த அணிக்கும் அவ்வளவு நீண்ட வறட்சி இருந்ததில்லை. அதெல்லாம் முடிந்து, சின்சினாட்டிக்கு எதிராக, வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு என்ற அந்த ஒற்றை வைல்ட் கார்டு ஆட்டம். 40,000 பேரும் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்கள். எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கூட்டம் முழுக்கப் பாடியது. அவர் கையிலிருந்து பந்து நழுவி மண்ணில் உருண்டது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் இடதுபக்கச் சுவருக்கு வெளியே அனுப்பினார். மேல் அடுக்கில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆட்டம் 6–2. இந்த ஊர் என் ஊர் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

அந்தக் கூட்டத்தின் அன்புக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று பார்த்தால்தான் என் ஆதங்கம் புரியும். 2014 முடிந்ததும் அதே மார்ட்டின் 5 வருஷம், 8.2 கோடி டாலருக்கு டொராண்டோ போனார். 2015-ல் பைரேட்ஸ் 98 ஆட்டங்களை வென்றது. சுமார் 25 லட்சம் பேர் மைதானத்துக்கு வந்தோம், அணியின் வரலாற்றிலேயே அதிகம். இன்னும் ரெண்டு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கினால் கோப்பை என்ற நிலையில், அந்தக் குளிர்காலத்தில் என்ன செய்தார்கள்? பிட்ஸ்பர்க் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த நீல் வாக்கரை, ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2016-ல் 78 வெற்றி, 83 தோல்வி. அத்தோடு கதவு மூடியது.

அப்போது நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. கெரிட் கோல் 2015-ல் 19 ஆட்டங்களை வென்ற பிட்சர். அந்த வருஷம் அவர் கைக்கு வந்தது, ஆல்-ஸ்டார் போனஸையும் சேர்த்து, 5,41,000 டாலர். அடுத்த வருஷத்துக்கு அணி முதலில் சொன்ன தொகை 5,38,000. நட்சத்திரமாக ஆடிய பிறகு 3,000 டாலர் குறைவு! பிறகு 5,41,000 என்று சரிசெய்தார்கள். சம்பள உயர்வே இல்லை. விதிப்படி எல்லாம் சரிதான், அந்தக் கட்டத்தில் ஆட்டக்காரருக்குப் பேரம் பேசும் உரிமை கிடையாது. ஆனால் கோல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். கோடிக் கணக்கில் புரளும் தொழிலில் 3,000 டாலர் ஒரு காசே இல்லை. மரியாதையைக் காட்டச் செலவே இல்லாத இடத்தில்கூட அதைக் காட்டாத நிர்வாகம், செலவாகும் இடத்தில் என்ன செய்யும்? 2018 ஜனவரியில் கோலை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அவருக்கு 9 வருஷத்துக்கு 32.4 கோடி டாலர் கொடுத்தது. ஒரு ஆட்டக்காரர் நீண்ட கால ஒப்பந்தத்துக்குச் சம்மதிப்பாரா என்பது, அவரை முதல் மூன்று வருஷம் எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஸ்கீன்ஸ் விஷயத்திலும் நான் கவனிப்பது இதைத்தான்.

கோல் போய் ரெண்டே நாளில் ஆண்ட்ரூ மெக்கச்சனும் போனார். 2013-ன் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர், ஊருக்கே செல்லப்பிள்ளை. என் மகளின் அறையில் அவருடைய 22 எண் ஜெர்சி தொங்கிக்கொண்டிருந்தது. "அப்பா, அவரை ஏம்ப்பா கொடுத்துட்டாங்க? அவர் நல்லா ஆடலையா?" என்று கேட்டாள். "நல்லாத்தாம்மா ஆடினார். இன்னும் ஒரு வருஷத்துல ஒப்பந்தம் முடியுது, அதான்" என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது. அந்த வாரம்தான் சம்பள விதிகளை உட்கார்ந்து படித்தேன். எந்த ரசிகருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: கோபப்படுவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

விஷயம் கடினமில்லை. பெரிய லீகுக்கு வந்த ஆட்டக்காரரின் சம்பளத்தை முதல் மூன்று வருஷம் அணியே முடிவு செய்கிறது. குறைந்தபட்சம் ஒரு தொகை உண்டு, 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருஷம் பேரம் பேசலாம், ஒத்துவரவில்லை என்றால் நடுவரிடம் போகலாம். 6 வருஷம் முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போக முடியும். ஆகவே இளம் ஆட்டக்காரர்தான் அணிக்கு மலிவு. நாலாவது வருஷத்திலிருந்து விலை ஏறும். செலவழிக்க மனமில்லாத உரிமையாளர், நாலாவது ஐந்தாவது வருஷத்திலேயே அவரைக் கொடுத்துவிட்டு இன்னும் ரெண்டு மூன்று இளைஞர்களை வாங்கிக்கொள்வார். அந்தச் சக்கரம் மறுபடி முதலிலிருந்து சுற்றும். ஸ்கீன்ஸ் 2024 மே மாதம்தான் அணிக்கு வந்தார். ஆனால் அந்த வருஷத்தின் சிறந்த அறிமுக ஆட்டக்காரர் விருதை வென்றதால், லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2022-ல் போட்ட ஒப்பந்தத்தின் புது விதிப்படி அவருக்கு முழு வருஷக் கணக்கு கிடைத்தது. ஆக, 2029 முடிந்ததும் அவர் சுதந்திரம். 2025-ல் அணி அவருக்குக் கொடுத்த சம்பளம் 8,75,000 டாலர். அதே வருஷம் சிறந்த இளம் ஆட்டக்காரர்களுக்கான லீகின் பொது நிதியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 34 லட்சத்துக்கும் மேல்!

ஜெர்சி வாங்குகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். பெயர் போட்ட ஜெர்சியின் விலை சாதாரணமில்லை. வாங்குவதற்கு முன்னால் அந்த ஆட்டக்காரருக்கு எத்தனை வருஷ சேவை முடிந்திருக்கிறது என்று பாருங்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கிறது. மூன்று வருஷம் தாண்டி, நீண்ட ஒப்பந்தமும் இல்லை என்றால், எங்கள் ஊரில் அவர் பயணத்துக்குத் தயாராகிறார் என்றே அர்த்தம். நீண்ட ஒப்பந்தமும் முழுப் பாதுகாப்பு இல்லை. கிபிரையன் ஹேஸுக்கு 2022-ல் 8 வருஷம், 7 கோடி டாலர் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் அவரையும் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி, ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு வருகிறேன். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, யாரும் மைதானத்துக்குப் போகாம இருந்தா ஒரே வருஷத்துல வழிக்கு வந்துடுவாங்க." நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த ஊர் அதைச் செய்து பார்த்துவிட்டது. மெக்கச்சன் போன அந்த 2018-ல், உரிமையாளர் அணியை விற்க வேண்டும் என்ற மனுவில் 60,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருஷம் மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 14.6 லட்சம் பேர்தான். 2015-ஐவிடப் பத்து லட்சம் குறைவு. அதற்குப் பிறகு சம்பளச் செலவு கூடியதா? 2021-ல் 101 தோல்வி, 2022-ல் 100 தோல்வி.

காரணம் வருமானம் வரும் வழியில் இருக்கிறது. தேசிய தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அப்புறம் வருவாய்ப் பகிர்வு: ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட, அது எல்லோருக்கும் சமமாகத் திரும்புகிறது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போடுவது அதிகம், எடுப்பது குறைவு. பிட்ஸ்பர்க்குக்குத் தலைகீழ். உள்ளூரில் ஒரு டாலர் வருமானம் குறைந்தால், பொதுவில் போட வேண்டியதும் குறைகிறது. நாம் டிக்கெட் வாங்காமல் இருந்தால் உரிமையாளருக்கு நஷ்டம் உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவு இல்லை. 2010-ல் அணியின் கணக்குப் புத்தகம் கசிந்து பத்திரிகைகளில் வந்தது. 2007, 2008 ரெண்டு வருஷமும் 94, 95 ஆட்டங்களைத் தோற்ற பைரேட்ஸுக்கு, அந்த ரெண்டு வருஷத்தில் சேர்ந்த லாபம் சுமார் 2.94 கோடி டாலர்.

லாபம் பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருவாய்ப் பகிர்வுப் பணம் அணியின் ஆட்டத்தை மேம்படுத்தத்தான் என்பது லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2018-ல் பைரேட்ஸ் உள்ளிட்ட நாலு அணிகள் மேல் சங்கம் புகார் கொடுத்ததும் இதை வைத்துத்தான்.

எனக்கு உரிமை இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலிகெனி மாவட்டத்தில் விற்பனை வரி 7 சதவீதம். மாநிலத்தின் பிற பகுதிகளில் பெரும்பாலும் 6. அந்தக் கூடுதல் ஒரு சதவீதத்தில் பாதி, நூலகம், பூங்கா, மிருகக்காட்சிசாலை, மைதானம் எல்லாவற்றுக்குமான ஒரு வட்டார நிதிக்குப் போகிறது. 1997-ல் மைதானங்களுக்காக வரியைக் கூட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். மறு வருஷமே வேறு திட்டம் போட்டு, இந்த நிதியையும் சேர்த்துத்தான் 2001-ல் திறந்த பிஎன்சி பார்க்கைக் கட்டினார்கள். நான் கடையில் ஒரு நாற்காலி வாங்கினாலும் அதில் ஒரு துளி அந்தச் சுவருக்குப் போகிறது. மைதானம் அணிக்குச் சொந்தமில்லை, ஒரு பொது ஆணையத்துக்குச் சொந்தம். பென்சில்வேனியா சட்டப்படி அப்படிப்பட்ட ஆணையத்தின் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து பேசலாம். குத்தகையைப் பற்றிப் பேச்சு வரும்போது, பொதுப்பணத்துக்குப் பதிலாக அணி என்ன உறுதி தருகிறது என்று கேட்பதற்கு அதுதான் இடம். மாவட்டக் கவுன்சில் உறுப்பினருக்கு எழுதுவதும் இதே கணக்குதான். ஆயிரம் பேர் மைதானத்தில் கத்துவதைவிட, இருபது பேர் அங்கே போய் வரிசையாக மூன்று மூன்று நிமிஷம் பேசினால் அது பதிவில் ஏறும்.

கத்துவதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். எதைக் கேட்கிறோம் என்பது துல்லியமாக இருந்தால் பயன் உண்டு. 2025 ஏப்ரலில் வலதுபக்கச் சுவரில் பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளமெண்டேயின் 21-ஆம் எண் இருந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். அவர் நினைவாகவே 21 அடி உயரத்தில் கட்டப்பட்ட சுவர் அது. நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு விமானத்தில் போகும்போது உயிர்விட்டவர் அவர். ஊரே கொதித்தது, அவருடைய குடும்பமும் வருத்தம் தெரிவித்தது. சில நாளில் அணி மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்தது. "அணியை விற்றுவிடு" என்றால் அவர்கள் காதில் விழாதது போல இருந்துவிடலாம். "அந்த எண்ணை அந்த இடத்தில் திரும்ப வை" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

சின்ன ஊர், அதனால் பணம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் ரெண்டு பெயர்களைச் சொல்வேன். கான்சஸ் சிட்டியும் சின்ன சந்தைதான். பாபி விட் ஜூனியர் ரெண்டே சீசன் ஆடியிருந்தபோது, 2024 பிப்ரவரியில், 11 வருஷத்துக்கு 28.8 கோடி டாலர் கொடுத்து அவரைத் தக்கவைத்தார்கள். அதுவரையான பைரேட்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் என்று 2023-ல் பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்தது 10.675 கோடி. இன்னொரு பெயர் மில்வாக்கி. பெரிய செலவில்லாமலே 2025-ல் 97 ஆட்டங்களை வென்று லீகிலேயே முதலிடம். இந்த உதாரணம் எனக்கும் சங்கடமானதுதான், ஏனென்றால் எல்லாப் பழியையும் சம்பளத்தின் மேல் மட்டும் போட முடியாது என்று அது காட்டுகிறது. மட்டையாளர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் வளர்ப்பதிலும் பைரேட்ஸ் பல வருஷமாகப் பின்தங்கியே இருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்யும் ஆட்களை நியமிப்பதும் 2007 முதல் அணியின் முதன்மை உரிமையாளராக இருக்கும் பாப் நட்டிங்கின் பொறுப்புதானே. 1996-ல் சுமார் 9.5 கோடி டாலருக்குக் கைமாறிய அணி இன்று போர்ப்ஸ் மதிப்பீட்டில் 130 கோடிக்கு மேல்.

இப்போது எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். சீசன் டிக்கெட் வாங்குவதில்லை. ஸ்கீன்ஸ் வீசும் நாள் எது என்று பார்த்து அன்றைக்கு மட்டும் போகிறோம். பிட்சர்கள் பொதுவாக ஐந்து நாளைக்கு ஒரு முறை வருவதால் ஒரு வாரம் முன்னாலேயே ஓரளவு கணிக்கலாம், அதற்கு முன்னால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். கோடையில் ஒன்றிரண்டு வாரக்கடைசி ஆல்டூனாவுக்குப் போய் பைரேட்ஸின் இளம் ஆட்டக்காரர்கள் பழகும் கீழ்நிலை அணியைப் பார்க்கிறோம். டிக்கெட் மலிவு, குழந்தைகள் வேலியோரம் நின்று ஆட்டக்காரர்களோடு பேசலாம். முக்கியமாக, அந்த இளைஞர்களுக்கு அங்கே கைதட்ட ஆள் வேண்டும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துப்போகிறோம். பிஎன்சி பார்க்கில் வெளிச்சாப்பாட்டை அனுமதிக்கிறார்கள், பலருக்கு இது தெரியாது. ஆட்டக்காரர்களைப் பார்த்து மட்டும் கத்துவதில்லை என்பதை மகளுக்கும் சொல்லியிருக்கிறேன். சம்பளம் குறைவாக வாங்குகிற ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால், உரிமையாளர் மேல் இருக்கும் கோபத்தை அவன் மேல் இறக்குவது அநியாயம்.

அடுத்து கவனிக்க வேண்டிய தேதி 2026 டிசம்பர் 1. லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்குமான ஒப்பந்தம் அன்று முடிகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக எழும். ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பணப்பை என்பது போல. எங்கள் ஊரில் பலருக்கு அது தேனாக இனிக்கிறது, அதிகம் செலவழிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை அடக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் மேலே மட்டும் கோடு போட்டால் பைரேட்ஸ் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை, அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே அது என்றும் போனதில்லை. இதே ஊரின் ஸ்டீலர்ஸும் (அமெரிக்கக் கால்பந்து) பெங்குயின்ஸும் (ஐஸ் ஹாக்கி) ஆடும் லீகுகளில் உச்சவரம்போடு குறைந்தபட்சச் செலவும் கட்டாயம். பேஸ்பாலில் ரெண்டும் இல்லை. ஆகவே யாராவது உங்களிடம் உச்சவரம்பு பற்றிப் பேசினால், கீழ்வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். வருவாய்ப் பகிர்வில் வாங்கும் பணத்தில் எத்தனை சதவீதம் ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் என்ன தண்டனை என்றும் கேளுங்கள். நான் என் கவுன்சில் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்திலும், உள்ளூர் பத்திரிகைக்கு எழுதியதிலும் இந்தக் கேள்விகளைத்தான் வைத்திருக்கிறேன்.